தையல் தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தபோது, 2016 ஏப்ரலில் பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள், எந்தப் பெரிய சங்கத்தின் அழைப்பும் இல்லாமல், வேலையை நிறுத்திவிட்டு ஓசூர் சாலையை மறித்தார்கள்; இரண்டே நாளில் விதி திரும்பப் பெறப்பட்டது. அன்று பேருந்துகள் எரிந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மகள் கல்யாணத்துக்கும் வீட்டு அட்வான்சுக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அத்தகைய திடீர் வேலைநிறுத்தம் இன்று சட்டவிரோதம். முன்பு ரயில், மின்சாரம், குடிநீர் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்புக் கட்டாயத்தை 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் விரித்து 14 நாள் அவகாசம் கேட்கிறது. தொழிலாளர் துறை அதிகாரி முன் சமரசப் பேச்சு நடக்கும்போதும் வேலைநிறுத்தம் கூடாது. தொழிலாளரில் பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே.

எங்கள் தொழிற்சாலையின் தையல் தளத்தில் மணிக்கு இத்தனை உருப்படி என்று பலகையில் எழுதி வைப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் கழிப்பறைக்குப் போவதற்குக்கூட சூப்பர்வைசரின் ஏச்சைக் கேட்க வேண்டும். இதைத் தட்டிக்கேட்க எங்களிடம் இருப்பது உழைப்பை நிறுத்தும் உரிமை ஒன்றுதான். முன்னறிவிப்பு கிடைத்ததும் காலம் கடத்தாமல் பேச்சைத் தொடங்கி, குறித்த நாளுக்குள் முடித்துத்தருமாறு கர்நாடகத் தொழிலாளர் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தையல் தொழிலாளி ஒருவர்,
பொம்மனஹள்ளி, பெங்களூரு.