செயலாளர் ஆண்டறிக்கை: சீன ரயில் கடன்களோடு ஓர் ஆண்டு

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே பொருளைப் படிப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். 1895க்கும் 1911க்கும் இடையே சீனாவில் ரயில் பாதை போட அந்நிய வல்லரசுகள் மோதிக்கொண்ட கதைதான் அந்தப் பொருள். பதினொரு கூட்டங்கள் நடந்தன. மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் நின்றுபோனது. வருகை எப்போதும் இருபதுக்குக் குறையவில்லை. படித்ததை உறுப்பினர்கள் முன் வைப்பது செயலாளரின் கடமை என்பதால் இந்த ஆண்டு அறிக்கை சற்று நீள்கிறது.

முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி வந்தது: "இன்னொருத்தன் நாட்டில் ரயில் போட இவர்கள் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்?" ஜப்பானிடம் தோற்ற சீனா 20 கோடி டேல் (சீனாவின் பழைய எடை அளவு) வெள்ளி நஷ்டஈடு கட்ட வேண்டியிருந்தது. கஜானா காலி. கடன் கொடுக்க வந்தவர்கள் கூடவே பாதையும் கேட்டார்கள். 1896இல் சீனாவின் வடகிழக்கான மஞ்சூரியாவில் பாதை போட ரஷ்யா வாங்கிய ஒப்பந்தத்தை இரண்டு கூட்டங்களில் படித்தோம். சைபீரிய ரயிலை விளாதிவொஸ்தோக்குக்கு நேராகக் கொண்டுபோகக் குறுக்குவழி, ரஷ்யாவின் ஐந்தடி அகலப் பாதை, 80 ஆண்டு உரிமை. பாதையை ஒட்டிய நிலத்தில் ஆட்சியும் நடைமுறையில் ரஷ்யர் கைக்குப் போனது. 1905இல் ரஷ்யா ஜப்பானிடம் தோற்றதும் அந்தப் பாதையின் தென்பகுதி அப்படியே ஜப்பானுக்குக் கைமாறியது. சீனாவின் மண், சண்டை போட்டவர்கள் வேறு இருவர்.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஷாண்டோங் மாகாணம் ஜெர்மனிக்கு, யுன்னான் மாகாணம் பிரான்சுக்கு என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். வியட்நாமின் ஹைபோங்கிலிருந்து யுன்னானின் குன்மிங் வரை பிரெஞ்சுக்காரர்கள் போட்டு 1910இல் திறந்தது மீட்டர் கேஜ். நம் ஊர் வழியே மீட்டர் கேஜ் ஓடிய காலத்தில் கார்டாக இருந்த நம் மூத்த உறுப்பினர், அந்தப் பாதையில் இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே தொங்குவது போல நிற்கும் இரும்புப் பாலத்தின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதைக் கட்டினவன் எத்தனை பேர் செத்தான்?" என்று அவர் கேட்டார். அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அன்றைய கூட்டம் அதோடு முடிந்தது.

பெய்ஜிங்கிலிருந்து யாங்சே ஆற்றங்கரை ஹாங்கோ வரை போன பாதை எங்களுக்குப் பெரிய பாடம். படை பலம் இல்லாத சின்ன நாடு, ஆபத்தில்லை என்று நம்பித்தான் சீன அதிகாரிகள் பெல்ஜியத்திடம் 1898இல் கடன் வாங்கினார்கள். பெல்ஜியத்துக்குப் பின்னால் பிரெஞ்சு முதலும் ரஷ்யாவின் ஆதரவும் இருந்தன. பிரிட்டன் கொதித்தது. ஈடாக எங்களுக்கு ஐந்து பாதைகள் வேண்டும் என்று மிரட்டியே உரிமை வாங்கியது. அடுத்த ஆண்டு பிரிட்டனும் ரஷ்யாவும் உட்கார்ந்து, பெருஞ்சுவருக்கு வடக்கே உனக்கு, யாங்சே ஆற்றுப் பகுதி எனக்கு என்று தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன.

அப்புறம் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுக் கடன் பத்திரங்களின் ஷரத்துகளைப் படிக்கத் தொடங்கினோம். என் கருத்தில் இந்த ஆண்டு நாம் செய்த உருப்படியான வேலை அதுதான். 1903இல் பிரிட்டிஷ் கம்பெனி கொடுத்த ஷாங்காய்–நான்ஜிங் கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். 32.5 லட்சம் பவுண்டு, வட்டி 5 சதம். 100 பவுண்டு பத்திரத்துக்குச் சீனாவின் கைக்கு வந்தது 90 பவுண்டு. திருப்பிக் கட்ட வேண்டியதோ முழு நூறு. தலைமை எஞ்சினியர் அவர்கள் ஆள். நிகர லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவர்களுக்கு. எஞ்சினியர் யார் என்று தெரிந்தால் தண்டவாளம் எந்த நாட்டு ஆலையிலிருந்து வரும் என்பதும் தெரிந்துவிடும். வங்கியில் வேலை பார்த்த நம் பொருளாளர் அம்மா இதைக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியபோது பலருக்குச் சட்டென்று விளங்கியது.

இதற்கு எதிராகத்தான் ரயில் உரிமையை மீட்கும் இயக்கம் எழுந்தது. கான்டன் (குவாங்சோ)–ஹாங்கோ பாதை போடும் உரிமையை 1905இல் அமெரிக்கக் கம்பெனியிடமிருந்து 67.5 லட்சம் டாலர் கொடுத்துச் சீனா திரும்ப வாங்கியது. சிச்சுவான் மாகாணம் சொந்தமாகவே கம்பெனி தொடங்கி, குத்தகை நெல்லில் 3 சதம் பிடித்துப் பங்குப் பணம் சேர்த்தது. அந்தப் பணத்தில் பெருந்தொகை 1910இல் ஷாங்காய் ரப்பர் பங்குச் சூதாட்டத்தில் போனது. அந்த ரப்பர் கம்பெனிகளில் பல மலாயாவில் இருந்தவை. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் நம் ஊர்ப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் ஏராளம். சிச்சுவான் குடியானவன் நெல்லும் நம்மவர் உழைப்பும் ஒரே பங்குச் சந்தையில் சிக்கியிருந்ததை அறிந்தபோது எனக்கு மனம் கனத்தது.

1911 மே 9இல் மைய அரசு, மாகாணக் கம்பெனிகள் கையில் இருந்த பெரும்பாதைகளை அரசுடைமையாக்கியது. மே 20இல் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்கா நான்கின் வங்கிகளோடும் 60 லட்சம் பவுண்டு ஹூகுவாங் (ஹூபே, ஹூனான் மாகாணங்கள்) ரயில் கடனில் கையெழுத்திட்டது. தன் நாட்டையும் இந்தக் கடனில் சேர்க்கச் சொல்லி அமெரிக்க அதிபர் டாஃப்ட் 1909இலேயே சிறுவயதுப் பேரரசரின் சார்பில் ஆண்ட சீன இளவரசருக்கு நேரடியாகத் தந்தி கொடுத்திருந்தார். சிச்சுவானின் தலைநகர் செங்டு கொதித்தது. இறந்துபோன குவாங்சு பேரரசரின் பெயர்ப்பலகைகளை மக்கள் தெருவில் நிறுத்தினார்கள். ரயிலை மக்களே நடத்தலாம் என்ற அவர் காலத்து ஆணையும் கூடவே எழுதப்பட்டிருந்தது. பலகையைக் கண்டால் எந்த அதிகாரியும் பல்லக்கை விட்டு இறங்கியாக வேண்டும். செப்டம்பர் 7இல் தலைவர்களைக் கைது செய்து, கூட்டத்தின் மேல் சுட்டார்கள். நகரம் அடைபட்டது, தந்தி நின்றது. மரப்பலகைகளில் செய்தி எழுதி, எண்ணெய் பூசி ஆற்றில் விட்டார்கள். ஆறு கொண்டுபோய்ச் சேர்த்தது. சிச்சுவானை அடக்க ஹூபேயிலிருந்து படை கிளம்பியதால் அந்த மாகாணத் தலைநகர் வூசாங்கில் காவல் மெலிந்தது. அக்டோபர் 10இல் அங்கே புரட்சி வெடித்தது. 1912 பிப்ரவரியில் மன்னராட்சி முடிந்தது.

ஹூகுவாங் கடன் மட்டும் முடியவில்லை. அந்தப் பத்திரத்தின் பெரிதாக்கிய நகலைக் கைமாற்றிப் பார்த்தோம். சீனப் பேரரசின் அரசு என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறது. பத்திரம் வைத்திருந்த அமெரிக்கர்கள் 1979இல் அலபாமா நீதிமன்றத்துக்குப் போனார்கள். சீனா வழக்காட வராததால் 1982இல் 4 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பானது. 1984இல் அதே நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது. கூட்டம் நடத்த மாடியைக் கொடுத்துவரும் உறுப்பினர் குடும்பத்துக்கும், தேநீர் போட்டுத் தந்தவர்களுக்கும் நன்றி. இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த இரண்டு உறுப்பினர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு பரிந்துரைப்பது, துருக்கியின் ஒட்டோமான் பேரரசில் பாதை போட ஜெர்மன் வங்கி முன்னின்று பணம் திரட்டிய பாக்தாத் ரயில். முதல் கூட்டத்துக்கு 1903 ஒப்பந்தத்தின் கிலோமீட்டர் உத்தரவாத ஷரத்தை (கிலோமீட்டருக்கு இவ்வளவு வருமானம் என்று அரசு கொடுத்த உறுதி) தமிழில் எழுதித் தர இரண்டு பேர் தேவை. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்