உன் கையெழுத்தில் ஒரு பாக்கி

மண்டபம்,
செப்டம்பர் 2025

அன்பு மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து, இப்போது கம்பு ஊன்றி வாசல் வரை நடக்கிறாய் என்று உன் தம்பி சொன்னான். இந்த விலாசமும் அவன் கொடுத்ததுதான். உன் பழைய நம்பருக்கு என் மகள் நாலு தடவை அடித்துப் பார்த்தாள். யாரோ ஒரு பையன் எடுத்து, "ராங் நம்பர்க்கா, எத்தனை தடவை சொல்றது?" என்று அலுத்துக்கொண்டானாம். அவள் உன்னைத் தேடிய கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமையோடு எனக்கும் உன் தங்கச்சிக்கும் கல்யாணமாகி 40 வருஷம். நமக்கெல்லாம் கல்யாண நாள் என்று ஒன்று எங்கே இருந்தது? ஞாபகம் வந்தால் கோயிலுக்குப் போவோம், வராவிட்டால் அதுவும் கிடையாது. அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போவதாக இருந்தோம், கொரோனாவில் நின்றுபோனது. அதிலிருந்தே மகளுக்கு மனக்குறை. இந்தத் தடவை கோயம்புத்தூரிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்து இறங்கிவிட்டாள். கேக் வெட்டச் சொல்லுவாளோ என்று எனக்கு உள்ளூர பயம். நல்லவேளை, கேக் வரவில்லை. பையிலிருந்து எங்கள் கல்யாண மொய் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பொங்கலுக்கு வந்தபோது டிரங்குப் பெட்டியைக் குடைந்து, எங்களுக்குத் தெரியாமல் கொண்டுபோயிருக்கிறாள். செல்லரித்த அட்டையை எடுத்துவிட்டுப் புது பைண்டிங் போட்டிருக்கிறாள். உள்ளே அதே அந்துருண்டை வாசனை. முதல் பக்கத்தில் நாலு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, கீழே வாத்தியார் மகனுக்கே உரிய உன் குண்டுக் கையெழுத்து. ராமேசுவரத்தில் பெண் வீட்டுத் திண்ணையில் பித்தளைத் தட்டும் வெற்றிலையுமாக நீ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது அப்படியே கண்ணுக்குள் வந்து நின்றது. 5 ரூபாய், 11 ரூபாய், எப்போதாவது ஒரு 51. உச்சிப்புளிக்காரர் ஒருவர் பெயருக்கு நேரே, "ரூ. 5, தூக்குவாளி 1, மூடி இல்லை" என்று எழுதியிருக்கிறாய். மூடி இல்லாததை யார் எழுதச் சொன்னார்கள்? திருப்பிச் செய்த மொய்க்கெல்லாம் உன் தங்கச்சி ஓரத்தில் டிக் அடித்து வைத்திருக்கிறாள்.

எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோ ஒன்றுகூட இல்லை என்பது உனக்குத் தெரியும். ரோலில் வெளிச்சம் பட்டுவிட்டது என்று படம் எடுத்தவர் கையை விரித்துவிட்டார். வாங்கிய முன்பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. "இதுதான்பா உங்க ஆல்பம்" என்றாள் மகள். அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக விசாரித்துப் போன் போட்டிருக்கிறாள். பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களில் பதினோரு பேர் சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தார்கள். சமையலுக்கு ஆள் சொல்லியிருந்தும் நண்டுக் குழம்பை மட்டும் உன் தங்கச்சி விட்டுக்கொடுக்கவில்லை. முண்டு மிளகாயை அவள்தான் வறுக்க வேண்டுமாம். வீடெல்லாம் கமறல். வந்தவர்கள் தும்மிக்கொண்டே வாழ்த்தினார்கள்.

கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். கடைசி வரியில் உன் பெயர். தொகை எழுதுகிற இடத்தில், "பிறகு." அவ்வளவுதான். "யாருப்பா இந்த மாமா, 40 வருஷமா பாக்கி வச்சிருக்கார்?" என்று மகள் கேட்டாள். மதுரையிலிருந்து வந்த கல்யாண மாலை, ரயில் நெரிசலில் நசுங்கிப்போனதையும், கையிலிருந்த காசையெல்லாம் போட்டுக் கோயில் தெருவில் நீ வேறு மாலை வாங்கி வந்ததையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அந்தக் காசை நான் உனக்குக் கொடுத்தேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை, மச்சான்.

மறுநாள் காலை எங்களை ரயிலேற்றி ராமேசுவரம் கூட்டிப்போனாள். ஏப்ரலில் பாம்பன் கடலில் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து நாங்கள் இன்னும் ஏறவில்லை. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திய பிறகு எல்லாமே பஸ்தான். நம் காலத்தில் இது தலைகீழ். ரோட்டுப் பாலம் வந்ததே 1988-ல். சீர்ப் பாத்திரம், அண்டா, பெண், மாப்பிள்ளை எல்லாம் மீட்டர்கேஜ் ரயிலில்தானே அக்கரை வந்தோம்! அன்றைக்கு ஊர்ந்து ஊர்ந்து வந்த தூரத்தை இப்போது பேசி முடிப்பதற்குள் கடந்துவிடுகிறது. கப்பல் வந்தால் நடுவிலிருக்கும் 72.5 மீட்டர் துண்டு லிப்ட் மாதிரி நேரே மேலே போகிறது. பழைய பாலத்தில் ஆட்கள் நின்று கையால் சுற்றி இரண்டு பக்கமும் தூக்கியதை நாம் வாயைப் பிளந்து பார்த்தோமே, அந்தப் பாலம் பக்கத்திலேயே துருவேறி நிற்கிறது. மகள் புதுசைப் படம் பிடித்தாள், நான் பழசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உன் தங்கச்சி, யாரையும் பார்க்காமல், "இங்கதான் என் செருப்பு விழுந்துச்சு" என்றாள்.

எந்தச் செருப்பு? கல்யாணத்தன்று திரும்பி வரும்போது அவளுக்குக் குமட்டலாம். வாசல் பக்கம் போய் நின்றபோது ஒரு செருப்பு நழுவிக் கடலில் விழுந்துவிட்டதாம். "ஒத்தச் செருப்பை வச்சு என்ன பண்றது? அதையும் கழட்டி விட்டுட்டேன்." என் அம்மா சாகிற வரைக்கும், "வெறுங்காலோட வந்து வலது காலை எடுத்து வச்ச மகராசி. இந்தக் காலத்துல யாருக்கு அந்த மரியாதை தெரியும்?" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது உனக்கும் தெரியும். அத்தனை வருஷமும் இவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்! "ஏண்டி சொல்லலை?" என்றேன். "நல்ல பேரு வருது, எதுக்குக் கெடுத்துக்கணும்?" என்கிறாள்.

இத்துடன் இருக்கும் போட்டோ அந்த நிமிஷம் மகள் எடுத்தது. உன் தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நான் கண்ணாடி மூக்கில் இறங்கி, அசட்டுக் களையோடு இருக்கிறேன். நல்ல படமாக ஒன்று இருந்தது, அதை அனுப்ப மனசு வரவில்லை.

சீலாக் கருவாடும் ஒரு கிலோ முண்டு மிளகாயும் தனிப் பார்சலில் வருகின்றன. அந்த மிளகாய்க்குப் புவிசார் குறியீடெல்லாம் கிடைத்து இரண்டு வருஷமாகிறது. திருப்பூர்க் கடைகளில் கிடைக்கிறதா? உன் புது நம்பரை எழுது. கால் தேறியதும் வீட்டில் அழைத்துக்கொண்டு வா. உன் பெயருக்கு நேரே இன்னும் டிக் விழவில்லை. மாலைக்கு என்ன கொடுத்தாய் என்று உனக்காவது ஞாபகமிருந்தால் அதையும் எழுது.

இப்படிக்கு,
உன் மச்சான்