திருப்பாப்புலியூர் கடைத்தெரு வியாபாரிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணனுக்கும் வந்திருக்கற எல்லாருக்கும் வணக்கம். ஆயுத பூஜை நடந்துச்சு, கடைக்குள்ள மழைத்தண்ணி வந்ததுக்கு மனு குடுத்தோம், பொங்கலுக்கு காலண்டர் போட்டோம்.

இந்த வருஷம் உருப்படியா நடந்தது நான் ஏற்பாடு பண்ண சர் பிட்டி தியாகராயர் கூட்டம்தான். ‘நமக்கும் அவருக்கும் என்னய்யா சம்பந்தம்’னு வாட்ஸ்அப்ல கேட்டவங்க யாரும் அன்னிக்கு வரல, அதனால இங்க சொல்லிடறேன். மனுஷன் நம்மள மாதிரி வியாபாரி, நூறு தறி கிட்ட ஓட்டுனவர், தோல், உப்புன்னு குடும்பத் தொழில் வேற, அத்தனையும் வச்சிக்கிட்டு 1882லேர்ந்து 1922 வரைக்கும் மெட்ராஸ் கார்ப்பரேஷன்ல இருந்து கடைசில சர்க்கார் அதிகாரியா இல்லாத முதல் தலைவராவும், அதாவது பிரசிடெண்டாவும் ஆனார். 1920ல ஆயிரம் விளக்கு கார்ப்பரேஷன் ஸ்கூல்ல மதிய சாப்பாடு போட்டாங்க, ஒரு புள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல போகக்கூடாதுன்னு கணக்கு, அதுலயே தெரியுது வியாபாரி கை. அதே வருஷம் மெட்ராஸ் மாகாண எலெக்சன்ல அவரோட நீதிக்கட்சி ஜெயிச்சு, மந்திரிசபை அமைக்க அவர கூப்பிட்டப்ப வேணாம்னுட்டார், அந்த முதல்மந்திரி நாற்காலில போய் உக்காந்தது யாருங்கறீங்க, நம்ம கடலூர் சுப்பராயலு ரெட்டியார்! இத சொன்னதும் பாத்திரக்கடை பெரியவர் எழுந்து நின்னு ‘இன்னொரு வாட்டி சொல்லு தம்பி’ன்னார்.

ஒருத்தர் மட்டும் ‘அவர் பிரசிடெண்ட்தானே, பிளக்ஸ்ல மேயர்னு போட்டிருக்க’ன்னு மடக்கினார். மெட்ராஸ்ல மேயர் பதவி திரும்ப வந்ததே 1933ல, ராஜா சர் முத்தையா செட்டியார்தான் அப்ப முதல் ஆள், அதுக்கு முன்னாடி அந்த வேலைய பார்த்தது பிரசிடெண்ட். பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள கேட்டவர் சமோசாவ கைல எடுத்துக்கிட்டு வண்டிய கிளப்பிட்டார், ரெண்டு வருஷ சந்தா பாக்கி அவருதுதான்.

பின்னாடி பாதி சேர் காலி. 2021ல நம்ம ஊர் மாநகராட்சி ஆனதுலேர்ந்து தொழில்வரி, லைசென்ஸ், குப்பைக் காசுன்னு தினம் கல்லாவுல உக்காந்து புலம்புறோம், நாப்பது வருஷம் கார்ப்பரேஷன் கூட்டத்துக்கு போன ஒரு வியாபாரி கதைய கேக்க ஒரு மணி நேரம் ஷட்டர இறக்க முடியல.

வரவு செலவு நோட்டு பொருளாளர்கிட்ட இருக்கு, ஏறக்குறைய டேலி ஆகுது, சேர் வாடகைல கொஞ்சம் நான் போட்டது, அத இப்ப பேச வேணாம். தலைவர், துணைத் தலைவர் (அன்னிக்கு ஊர்ல இல்லன்னாலும்), மைக் செட் தம்பி, டீக்கடைக்காரர் எல்லாருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் செயலாளரா யார் வேணா வரலாம், எனக்கு பதவி ஆசை எல்லாம் இல்ல. ஆனா ரெட்டியாருக்கு ஒரு கூட்டம் போடணும்னு இருக்கு, ஹால் அட்வான்ஸ் கட்டணும். பாக்கி வச்சிருக்கவங்க பேர சபைல படிக்கல, பொருளாளர் கடை ராத்திரி ஒம்பதரை வரைக்கும் திறந்திருக்கும், ஜிபேயும் உண்டு.