முதலில் துணி, அப்புறம் நட்சத்திரம்

காலடிப்பேட்டை,
திருவொற்றியூர்.

அன்புள்ள பாப்பா,

நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. காலையில் பெருமாள் கோயில் வரைக்கும் தானே நடந்து போய் வருகிறாள்.

நீ அனுப்பிய ஒட்டுத்துணிப் போர்வைப் படத்தைப் போனில் பெரிதாக்கி இரண்டு பேரும் பார்த்தோம். நடுவில் ஒரே ஒரு பெரிய எட்டு முனை நட்சத்திரம், உள்ளேயிருந்து வெளியே நிறம் மாறி மாறிப் போகிறது. அழகாகத்தான் இருக்கிறது. "இதற்குத் தோதான துணியாகப் பார்த்து வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வாங்கி அனுப்புங்கள் அப்பா" என்று எழுதியிருந்தாய். இத்தனை வருஷம் கட்டிங் டேபிள் முன்னால் நின்றவனிடம் சொந்த மகள் துணியைப் பற்றிக் கேட்கிறாள். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதனால்தான் போனில் இரண்டு வார்த்தை பேசி முடிக்காமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிசைனை முடிவு பண்ணிவிட்டு அதற்குத் துணி தேடாதே, கண்ணு. துணியைக் கையில் எடுத்து வைத்துக்கொள். அது எந்த டிசைனுக்கு வரும் என்று அதுவே காட்டும்.

அந்தப் பெரிய நட்சத்திரத்தை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? அது முழுக்கச் சாய்சதுரத் துண்டுகள். ஒரு கைக்குட்டையை எடுத்துப் பாவு வாக்கில், அதாவது நீளவாக்கு இழையோடு இழுத்துப் பார், அசையாது. ஊடை வாக்கில், அதாவது குறுக்கு இழையோடு லேசாகக் கொடுக்கும். மூலைக்கு மூலை இழு, சரசரவென்று நீளும். அதைத்தான் நாங்கள் கிராஸ் என்போம். சாய்சதுரத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு ஓரம் கிராஸில்தான் வரும். கையால் தைக்கும்போது விரல் பட்டுப் பட்டே அது இழுபட்டுப் போகும். எட்டு முனையும் சேரும் நடு இடம் கடைசியில் குமிழாக எழும்பி நிற்கும். அனுபவப்பட்டவர்கள் கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணி, அடக்கித் தைப்பார்கள். முதல் போர்வைக்கு அது வேண்டாம்.

நட்சத்திரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு வழி இருக்கிறது. அதற்கு முன்னால் துணிக் கதையைக் கேள்.

எம்.சி. ரோட்டுக்குப் போனேன். முதலில் கட் பீஸ்தான் பார்த்தேன். விலை குறைவு, நிறமும் விதவிதமாக இருந்தது. ஆனால் பாதிக்கு மேல் கலப்படம். சந்தேகம் வந்தால் ஓரத்தில் நாலு இழை உருவி நெருப்பில் காட்டு. பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் சுருண்டு உருகிக் கெட்டியான மணியாகிவிடும். ஒரே போர்வையில் இரண்டையும் கலந்தால் துவைக்கும்போது ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. தையல் சரியாக இருந்தாலும் மேல்பக்கம் அலை அலையாகிவிடும். கனமும் அப்படித்தான். ரூபியா மெலிசு, பாப்ளின் கொஞ்சம் கெட்டி. பக்கத்துப் பக்கத்தில் வரும் துண்டுகளெல்லாம் கையில் ஒரே கனமாகத் தெரியவேண்டும்.

கடைசியில் ஒரு கட்டம் போட்ட காட்டன் கிடைத்தது. சாம்பல் கலந்த நீலமும் சந்தன நிறமும். நூலிலேயே சாயம் ஏற்றி நெய்தது, அதனால் முன்பக்கம் பின்பக்கம் வித்தியாசமில்லை. வீட்டுக்கு வந்து துவைத்துக் காயப்போட்டு, டேப் வைத்து அளந்தேன். ஒரு கட்டம் சரியாக 3 இஞ்ச். அப்போதே உன் போர்வை எனக்குத் தெரிந்துவிட்டது. தையலுக்குத் தனியாக விட்டு 12 இஞ்ச் சதுரம் வெட்டினால் பக்கத்துக்கு நாலு கட்டம், எந்தக் கட்டமும் பாதியில் அறுபடாது. அதே 12 இஞ்சில், 3 இஞ்ச் துண்டுகளாலேயே ஒரு நட்சத்திரமும் போடலாம். நடுவில் 6 இஞ்ச் சதுரம், நாலு மூலைக்கும் 3 இஞ்ச் சதுரம், முனைகளுக்கு இரண்டு நிற முக்கோணம் சேர்ந்த 3 இஞ்ச் சதுரங்கள் 8. ஒரு நட்சத்திரம், பக்கத்தில் ஒரு கட்டத்துணிச் சதுரம் என்று மாற்றி மாற்றி வை. அகலத்துக்கு 5, நீளத்துக்கு 7 வைத்தால் 60க்கு 84 இஞ்ச் வரும். 18 நட்சத்திரம், 17 வெறும் சதுரம். நாலு மூலையிலும் நட்சத்திரமே உட்காரும்.

முக்கோணத்தைத் தனியாக வெட்டித் தைக்காதே. வெளிர் துணியில் ஒன்று, அழுத்த நிறத்தில் ஒன்று, தையலுக்கும் சேர்த்து 3 இஞ்ச் 7 நூல் சதுரமாக (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்) வெட்டி முகத்தோடு முகம் வை. மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போடு. கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்துவிட்டு, அப்புறம் கோட்டின் மேல் வெட்டு. இரண்டு இருநிறச் சதுரம் கிடைக்கும். தைத்த பிறகு வெட்டுவதால் கிராஸ் ஓரம் உன் கையில் இழுபடாது. தையலுக்கு எல்லா இடத்திலும் கால் இஞ்ச், அதாவது 2 நூல். அரை நூல் பிசகினால் என்ன என்று நினைக்காதே. ஒரு துண்டுக்கு இரண்டு பக்கம் தையல், ஆக துண்டுக்கு ஒரு நூல். அகலத்தில் 20 துண்டு வந்தால் இரண்டரை இஞ்ச் காணாமல் போகும். வரிசைக்கு வரிசை பொருந்தாது.

நட்சத்திரத்துக்கு அம்மா இரண்டு சுங்குடிப் புடவை எடுத்துக் கொடுத்தாள். ஒன்று அரக்கு, ஒன்று கரும்பச்சை. இரண்டையும் ஜன்னலில் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார்த்தேன். எங்கும் இழை தேயவில்லை. தேய்ந்த துணியைப் புதுத் துணியோடு சேர்த்தால், புதுசு இழுக்கிற இழுப்பில் பழசு தையல் ஓரத்திலேயே கிழியும். அப்புறம் ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். பச்சை சுத்தமாக நின்றது. அரக்கு இறங்கியது. வெந்நீரில் சோப்புப் போட்டு அலசி அலசிப் பார்த்தோம், தண்ணீர் தெளியவே இல்லை. உப்பில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் அதை நம்பமாட்டேன். பக்கத்தில் வெள்ளை வரும் இடத்தில் சாயம் போகிற துணிக்கு வேலையில்லை. அரக்கை அம்மாவே கட்டிக்கொள்ளட்டும், பச்சையை அனுப்புகிறேன். நட்சத்திரத்தைச் சுற்றி வரும் பின்னணிக்கு ஆஃப் ஒயிட் பாப்ளின்.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது சிவப்பா பச்சையா என்பதைவிட, எது வெளிர், எது அழுத்தம் என்பதுதான் முக்கியம். போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடு. அதிலும் நட்சத்திரம் தெரிந்தால் சரி. இந்த மூன்று துணியையும் நான் எடுத்துப் பார்த்துவிட்டேன். பச்சை இருட்டாக, பாப்ளின் வெளிச்சமாக, கட்டத்துணி இரண்டுக்கும் நடுவில் வருகிறது.

தாத்தாவின் பின்னி மில் காக்கியையும் சேர்க்கவேண்டும் என்று கேட்டிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் காக்கி டிரில் அவ்வளவு கெட்டி, சுங்குடிக்குப் பக்கத்தில் வைத்தால் அதைத் தின்றுவிடும். கைத்தையல் ஊசியும் சுலபத்தில் இறங்காது. அது தனியாக ஒரு பையாகட்டும். பேன்ட்டைப் பிரித்து இஸ்திரி பண்ணி வைத்திருக்கிறேன், அடுத்த பார்சலில் வரும்.

நீ இருக்கும் லீட்ஸிலிருந்து யார்க் பக்கம்தானே? அங்கே ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களின் சங்கமான குவில்ட்டர்ஸ் கில்ட் சேகரிப்பில் 1718ஆம் வருஷம் போட்ட பட்டு ஒட்டுவேலை விரிப்பு ஒன்று இருக்கிறது. காகித அச்சின் மேல் துணியை மடித்துக் கையால் தைத்தது. அந்த வருஷம் இங்கே சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் காலட். 1717லிருந்து 1720 வரை அவர்தான். அவர் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர்தான் நம் காலடிப்பேட்டை. நம் தெருப்பக்கம் தறி ஓடிய காலத்தில் உன் ஊர்ப்பக்கம் ஒருத்தர் துண்டுத்துணி சேர்த்துத் தைத்திருக்கிறார். பார்க்க விடுவார்களா என்று விசாரி. துண்டுகளின் ஓரம் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்து எனக்கு எழுது.

மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பை அங்கேயே வாங்கிக்கொள். எத்தனை இஞ்சுக்கு ஒரு தையல் ஓட்டவேண்டும் என்று பாக்கெட்டில் போட்டிருப்பார்கள், அதைத் தாண்டாதே.

ஒரு விஷயம் உடனே வேண்டும். கட்டில் அளவு நீ சொல்லவே இல்லை. ஒற்றைக் கட்டில் என்றால் நான் சொன்ன கணக்குப் போதும். இரட்டைக் கட்டில் என்றால் 7க்கு 7 போடவேண்டும், 84 இஞ்ச் சதுரம், 25 நட்சத்திரம், 24 வெறும் சதுரம். கட்டத்துணியில் தையலுக்கும் விட்டு, கட்டம் அறுபடாமல் வெட்ட 15 இஞ்சுக்கு ஒரு சதுரம்தான் எடுக்க முடியும். துணியின் பன்னா, அதாவது அகலம், 44 இஞ்ச், அதில் வரிசைக்கு 3. சின்னதுக்கு இரண்டரை மீட்டர் போதும், அதை வாங்கிவிட்டேன். பெரியதென்றால் மூன்றேகால் வேண்டும். கடைக்காரரிடம் அதே ரோலில் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, அடுத்த லாட் வந்தால் நீலம் மாறிப்போகும். சனிக்கிழமைக்குள் டேப் வைத்து அளந்து இஞ்சில் சொல். அதுவரை வேறு யாருக்கும் வெட்டாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா