கணக்கை முடிக்குமுன் ஒரு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

வருகிற சித்திரையோடு எங்கள் நாடகக் குழுவின் பொறுப்பை இளையவர்களிடம் ஒப்படைக்கிறேன். எனக்கு நடிக்கவும் தெரியாது, எழுதவும் வராது. அழைப்பிதழில் 'தயாரிப்பு' என்று பெயர் வரும், அவ்வளவுதான். அந்தப் பெயரைக் காப்பாற்றியவர்கள் நீங்கள்.

எண்பதுகளில் வாணி மகாலில் போட்டாலும் மயிலாப்பூரில் போட்டாலும், நாடகத்தை ஏற்பாடு செய்யும் சபா கொடுக்கும் தொகை செட், லைட், மைக், மேக்கப், டெம்போ வாடகைக்கே சரியாய்ப் போய்விடும். நடிகர்களுக்கு டிபனும் ஆட்டோ காசும்தான். பாங்கிலும் ஏ.ஜி. (அக்கவுண்டன்ட் ஜெனரல்) ஆபீசிலும் வேலை முடித்து நேரே ஒத்திகைக்கு வந்தவர்களில் ஒருவர்கூடத் தன் பங்கு எவ்வளவு என்று கேட்டதில்லை.

மேற்கு மாம்பலத்து எதிர்வீட்டு மாமிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்ப நாடகம் எல்லாவற்றிலும் வரும் அந்தப் பச்சை சோபா அவருடையது. சனி, ஞாயிறுகளில் அது மேடையில் இருக்கும். மாமி வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். வில்லன் உட்கார்ந்து ஒரு ஸ்பிரிங் போனதற்கும் அவர் சிரிக்கத்தான் செய்தார்.

விளம்பரம் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் அரங்கேற்றத்துக்கு முதல் நாள் கைவிரித்தது. "முதல்ல நாடகம் நடக்கட்டும் சார், காசை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் சவுண்ட் செட்காரர். அப்புறமும் அவராக வந்து கேட்கவில்லை. நான்தான் தேடிப் போய்க் கொடுத்தேன். 2020 மார்ச்சில் அரங்குகளை மூடியபோது செட்டெல்லாம் கோடவுனில் கிடந்தது. திறக்கும்வரை வாடகை வேண்டாம் என்றார் உரிமையாளர்.

நேரில் பழகாத ஒருவருக்கும் நன்றி. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாடகம் போட ஸ்கிரிப்டைப் போலீசிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் எழுத்தாளரும் நாடகக் குழு நடத்தியவருமான 'பரீக்‌ஷா' ஞாநி. 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது. மாமா, மாமி ஜோக் போடும் சபா நாடகக்காரர்களான எங்களுக்கும் சேர்த்துத்தான் அவர் வாதாடினார். நாங்கள் அவருக்கு ஒரு மாலைகூடப் போட்டதில்லை.

சரி, கடைசியாக ஒன்று. குழுவின் கணக்கைப் பங்குனிக்குள் முடிக்கிறேன். யாருக்காவது நான் பாக்கி வைத்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் தயாரிப்பாளர்
சென்னை