நத்தைச் சட்டத்துக்கு ஆதரவாக

அன்புள்ள நண்பா,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். முழங்காலைப் பற்றி நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அது சொல்வதை நான் கேட்கிறேன், நான் சொல்வதை அது கேட்பதில்லை. உபசாரங்கள் இத்துடன் முடிந்தன.

முடிவு தெரிந்த பிறகு பதில் எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். தெரிந்துவிட்டது. நகரத் தெருக்களின் வேக வரம்பை மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 30 கிலோமீட்டராகக் குறைக்கும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. சில பெரிய சாலைகள் மட்டும் 50இலேயே தொடரும். "இது நிறைவேறினால் மீசையை எடுத்துவிடுகிறேன்" என்று நீ உன் கைப்பட எழுதிய தாள் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. புகைப்படம் அனுப்பிவை. நாம் "மெயில் வண்டி" என்று பட்டப்பெயர் வைத்த நண்பனும் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு உன் மீசையின்மேல் பழைய பகை உண்டு என்பது உனக்கே தெரியும்.

இந்தத் தீர்மானத்துக்கு நீ "நத்தைச் சட்டம்" என்று பெயர் வைத்தாய். அடுத்ததாக ஒவ்வொரு காருக்கும் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடக்க வேண்டியதுதான் என்றும் கேலி செய்திருந்தாய். அப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருந்தது. பிரிட்டனில் 1865இல் இயற்றப்பட்ட சட்டப்படி, நகருக்குள் இயந்திர வண்டிகள் மணிக்கு 2 மைலுக்குமேல் போகக் கூடாது. 1896இல் ஒருவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் போனதற்காகக் காவலர் ஒருவர் சைக்கிளில் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். அபராதம் ஒரு ஷில்லிங். உன் கேலிக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்காது, எடுத்துக்கொள். ஆனால் அதே நாட்டின் கதையில் நீ சொல்லாமல் விடும் பகுதி ஒன்றும் இருக்கிறது. பொறுப்பான ஓட்டிகளை நம்பலாம் என்று வாதிட்டு, 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கார்களுக்கான வேக வரம்பையே முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். 1934இல் சாலையில் இறந்தவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். அப்போது அந்த நாட்டில் இருந்த வண்டிகள் இன்றைய எண்ணிக்கையில் ஒரு சிறு பங்குதான். மறு ஆண்டு மார்ச் மாதம் போக்குவரத்து அமைச்சர் லெஸ்லி ஹோர்-பெலிஷா குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 மைல், அதாவது ஏறத்தாழ 48 கிலோமீட்டர் என்ற வரம்பைக் கொண்டுவந்தார். அதையும் அன்று நத்தைச் சட்டமாகப் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். நீ இன்று இயற்கை நியதிபோலக் கட்டிக்காக்கும் 50க்கு வயது அவ்வளவுதான்.

கேலி போதும். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். அதில் நான் போட்டுக் காட்டியது நம் பேராசிரியர் உன்னை எழுப்பிவிட்டுக் கேட்ட அதே கணக்கு. இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. ஒன்று 30இல், மற்றொன்று 50இல். இரு ஓட்டிகளும் ஒரே நொடியில் எதிரே ஒரு குழந்தையைப் பார்க்கிறார்கள். இருவருக்கும் பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகிறது. சாலை உலர்ந்திருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது. 30இல் வந்த கார் அந்த ஒரு நொடியில் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி, பிரேக் பிடித்தபின் இன்னும் ஐந்து மீட்டர் போய், ஆக மொத்தம் பதின்மூன்று மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடுகிறது. 50இல் வந்த கார் அந்த ஒரு நொடியில் மட்டுமே கிட்டத்தட்ட பதினான்கு மீட்டர் ஓடிவிடுகிறது. முதல் கார் நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் கடக்கும்போது அதன் ஓட்டி இன்னும் பிரேக்கைத் தொடவே இல்லை. முதல் கார் அந்தக் குழந்தைக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிறது. இரண்டாவது அதே குழந்தையை முழு 50இலும் இடிக்கிறது. "வேகம் கொஞ்சம்தானே கூடுதல்" என்று பேச வந்திருந்த ஒருவர், இதைக் கேட்டபின் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவரை வென்றுவிட்டதாக நான் பெருமைப்படவில்லை. கணக்குத்தான் வென்றது.

இடித்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. இதில் உன்னைப் போன்ற சந்தேகக்காரர்கள் எழுப்பும் குறை ஒன்று நியாயமானது: பழைய விளம்பரத் தாள்களில் 50இல் இடிபட்டால் பத்தில் எட்டுப் பேர் இறப்பார்கள் என்பதுபோன்ற எண்கள் இருந்தன, சிறு காயம்பட்டவர்கள் பலர் கணக்கில் வராத தரவுகளிலிருந்து பிறந்தவை அவை. எரிக் ரோசனும் உல்ரிச் சாண்டரும் ஜெர்மனியின் விபத்துத் தரவுகளை அந்தக் குறைக்கு ஈடுசெய்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவில் ஆபத்தின் அளவு அதைவிட மிகக் குறைவு. ஆனாலும் கார் முன்புறம் மோதும் பாதசாரிக்கு 50இல் இருக்கும் மரண அபாயம் 40இல் இருப்பதைப் போல் இரு மடங்குக்கும் மேல், 30இல் இருப்பதைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் என்பதே அவர்களும் கண்டது. முதியவர்களுக்கு இன்னும் மோசம். எண்ணைக் குறைத்துக்கொள்ள நான் தயார். விகிதத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

30இல் போனால் நேரம் வீணாகும் என்று நீ போட்ட கணக்குக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் 50இல் கடக்க 72 நொடிகள், 30இல் கடக்க 120 நொடிகள். வித்தியாசம் 48 நொடிகள். நகரத்துக்குள் எங்கும் நிற்காமல் ஒரு கிலோமீட்டர் போனவன் யார் என்று சொல், நான் அவனுக்கு மாலை போடுகிறேன். சிக்னலுக்கும் சிக்னலுக்கும் இடையில் 50ஐத் தொட்டுவிட்டு அடுத்த சிவப்பு விளக்கில் போய் நிற்பதற்குப் பெயர் வேகம் அன்று, அவசரம். எல்லோரும் பெரிய சாலை வழியாகப் போய், கடைசி ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் உள்தெருவில் நுழையும் நகரத்தில் இழப்பது ஒரு நிமிடமும் இல்லை. ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் இந்த வரம்பு பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்; கூட்டத்தில் நான்கு பேர் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

இனி உன்னிடம் நிஜமாகவே சண்டை போடப் போகிறேன். சாலைப் பொறியாளர்களான உங்கள் துறை இத்தனை காலமாகக் கும்பிட்டுவரும் அந்த 85 விழுக்காட்டு விதி இருக்கிறதே, அதைப் பற்றி. ஒரு சாலையில் நூறு பேர் ஓட்டிப்போனால் அவர்களில் எண்பத்தைந்து பேர் எந்த வேகத்துக்குள் அடங்குகிறார்களோ, அதையொட்டியே வரம்பை வைக்க வேண்டும் என்பது ஊர்களுக்கு இடையேயான நெடுஞ்சாலையில் ஓரளவு பொருள்படலாம். நடப்பவர்களும் சைக்கிளில் போவோரும் குழந்தைகளும் இருக்கும் தெருவில் அதற்கு என்ன பொருள்? காருக்குள் இருப்பவர்களை மட்டும் வாக்களிக்க விட்டு, காருக்கு வெளியே இருப்பவர்களுக்கு முடிவை அறிவிப்பதுதானே? அகலமான சாலையைப் போட்டு வேகத்தை அழைத்துவிட்டு, பிறகு வந்த வேகத்தை அளந்து "இதுவே இயல்பு" என்று சட்டமாக்கும் வட்டத்தை நீ ஒருமுறையாவது உன் கோப்புகளுக்கு வெளியே வந்து பார்த்திருக்க வேண்டும். சாலையில் ஒருவரும் உயிரிழக்கக் கூடாது என்னும் "விஷன் சீரோ" கொள்கையை ஸ்வீடன் 1997இல் ஏற்றபோது தலைகீழாகத் தொடங்கினார்கள்: மனித உடல் எவ்வளவு அடி தாங்கும் என்பதை முதலில் கேட்டு, அதற்கேற்ற வேகத்தைத் தெருவுக்கு வைத்தார்கள். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய பல நாட்டு அமைச்சர்கள் வெளியிட்ட அறிவிக்கையும், மனிதர்களும் வாகனங்களும் அடிக்கடி கலக்கும் இடங்களில் 30ஐ உச்ச வரம்பாக வைக்கச் சொல்லி, அதைவிட அதிக வேகம் பாதுகாப்பானது என்பதற்கு வலுவான சான்று இருந்தால் மட்டும் விலக்குத் தந்தது. சான்று காட்டும் பொறுப்பு யாருடையது என்பது மாறிவிட்டது, கவனித்தாயா? எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இவ்வளவு சொன்னவன் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். இல்லை. தீர்மானம் நிறைவேறிய நாளிலிருந்தே எனக்கு ஒரு கவலை. இந்தக் கடிதத்தை எழுதவைத்ததும் அதுதான். பலகைகளுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். தெருக்களுக்கு ஒதுக்கவில்லை. நான்கு வண்டிகள் பக்கம் பக்கமாகப் போகுமளவுக்கு அகன்று, விமான ஓடுதளம்போல் நேராகக் கிடக்கும் தெருவின் ஓரத்தில் 30 என்று எழுதிய தகட்டை நட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்களோ என்று அஞ்சுகிறேன். பெல்ஃபாஸ்ட் நகர மையத்தில் 2016இல் பலகைகளை மட்டும் மாற்றி 20 மைல், அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டர் வரம்பு கொண்டுவந்தார்கள்; சில ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தவர்கள் விபத்திலும் காயத்திலும் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றத்தைக் காணவில்லை. பலகையை மட்டும் நம்பிய பிற இடங்கள் பலவற்றிலும் சராசரி வேகம் ஓரிரு மைலுக்குமேல் இறங்கவில்லை. ஓரிரு மைலும் வீண் அன்று. சராசரி வேகத்தில் சிறிது குறைந்தாலும் மரண விபத்துகள் அதைவிடப் பெரிய விகிதத்தில் குறையும் என்பதை ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் நில்சன் காட்டியிருக்கிறார், நகரத் தெருக்களில் அந்த விகிதம் சற்று மட்டுப்படும் என்றாலும். ஆனால் மக்கள் விகிதத்தைப் பார்க்க மாட்டார்கள். தம்மை முந்திப்போகும் காரைப் பார்ப்பார்கள். "வரம்பு வைத்துப் பார்த்தோம், பயனில்லை" என்று இரண்டே ஆண்டில் ஒருவர் எழுந்து சொல்வார். அத்துடன் இன்னும் இருபது ஆண்டுகளுக்கு இந்தப் பேச்சே எழாது.

எதிர்ப்பைக் கண்டு எனக்குப் பயமில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992இல் முதன்மைச் சாலைகள் தவிர எல்லாத் தெருக்களுக்கும் 30 என்று அறிவித்தபோது ஆதரவாளர்கள் பாதிப் பேர்கூட இல்லை. நடைமுறைக்கு வந்த பிறகு பெரும்பான்மை அந்தப் பக்கம் சாய்ந்தது. வேல்ஸில் 2023 செப்டம்பரில் 20 மைல் வரம்பு வந்தபோது அதை நீக்கக் கோரி நான்கரை லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அரசு இறங்கிவந்து சில சாலைகளை மட்டும் பழைய 30 மைலுக்குத் திருப்பும் வழியைத் திறந்துவிட்டதே தவிர, பொது விதியைக் கைவிடவில்லை. ஹெல்சிங்கி பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களிலும் நகர மையத்திலும் 30 வைத்திருக்கிறது. 2025 ஜூலையுடன் முடிந்த பன்னிரண்டு மாதங்களில் அந்த நகரத்தில் சாலை விபத்தில் ஒருவரும் இறக்கவில்லை. ஒருவரும் இல்லை, அதுவும் பனிக்கட்டி உறையும் சாலைகளில். ஆனால் அங்கே வேக வரம்பைக் குறைத்ததோடு நிற்கவில்லை: தெருக்களைக் குறுக்கினார்கள், கடக்கும் இடங்களைச் சீரமைத்தார்கள், வேகக் கேமராக்களை வைத்தார்கள், பொதுப் போக்குவரத்தை நல்ல நிலையில் நடத்தினார்கள். இவற்றையெல்லாம் பல்லாண்டுகள் விடாமல் செய்தார்கள்.

ஆகவே எனக்கு நீ தேவைப்படுகிறாய். சிரிக்காதே. எங்களில் பேசத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெரு முனையின் வளைவை எவ்வளவு இறுக்கினால் கார் தானாக வேகம் குறையும், அதே முனையில் பேருந்து சிக்காமல் திரும்பும் என்று வரைந்து காட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தடத்தின் அகலத்தை எவ்வளவு குறைக்கலாம், கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தினால் மழைநீர் எங்கே போகும், வேகத்தடைக்குப் பதிலாகத் தெருவை லேசாக நெளியவிட்டால் ஆம்புலன்ஸ் தடங்கலின்றிப் போகுமா என்பன போன்ற கேள்விகளைக் கூட்டத்தில் கேட்டார்கள். நான் திக்கித் திணறிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, முப்பது ஆண்டுகளாகச் சாலை போட்ட ஒருவன் வீட்டில் உட்கார்ந்து என்னைக் கேலி செய்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். உனக்கு இந்த வரம்பின்மேல் நம்பிக்கை வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம்பாதவன் வரைந்த வரைபடத்தை எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிட முடியாது என்பதால், நீ நம்பாமல் இருப்பதே எனக்கு வசதி.

வடிவமைப்புக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. பள்ளிக்கு அருகே நான்கு தெருக்கள் சேரும் சந்திப்பின் அளவுகளை நாங்களே நாடா பிடித்து எடுத்து, தனித்தாளில் வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன்; கோடுகள் கோணலாக இருந்தாலும் எண்கள் சரியானவை. கிழக்கு முனையை முதலில் பார், வண்டிகள் வேகம் குறையாமல் திரும்புவது அங்கேதான். ஓரங்களில் நீ திருத்தி எழுதப் போதிய இடம் விட்டிருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் அதற்குத் தனித்தாள் பயன்படுத்து. வரைபடத்தைக் குழுவிடம் காட்ட வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து பெஞ்சுக்காரன்