ஹேண்டிலுக்கு ஒரு கண்ணாடி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் இருமலும் விட்டுவிட்டது. கொட்டகலையிலிருந்து பத்தனைக்கு இனி சைக்கிளில்தான் போய்வரப் போகிறேன் என்று சொன்னாய். நல்ல விஷயம்தான், ஆனால் பின்னால் வருவதைப் பார்க்க ஒரு கண்ணாடி பூட்டாமல் அந்த ரோட்டில் ஏறாதே. போனில் சொன்னால் பாதி காதில் விழாது. கடையில் நிற்கும்போது எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று எழுதி அனுப்புகிறேன்.

நீ போவது அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 பாதை. பஸ், மரக்கறி லொறி, கொழுந்து லொறி, சுற்றுலா வேன் எல்லாம் அதில்தான் ஓடும். ஏற்றத்தில் நீ மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பாய். பஸ் 40இல் வரும். வித்தியாசம் 30, அதாவது ஒவ்வொரு வினாடியும் அது உன்னை எட்டு மீட்டருக்கு மேல் நெருங்குகிறது. 50 மீட்டர் பின்னால் உள்ள வளைவில் தலைகாட்டினால் உன்னிடம் வந்து சேர ஆறு வினாடி. வளைவு 25 மீட்டரில் இருந்தால் மூன்றே வினாடி. இறக்கத்தில் நீயே 30, 35இல் இறங்குவாய், மற்ற வண்டிகளும் கிட்டத்தட்ட அந்த வேகம்தான். அங்கே உன் கண் முன்னால்தான் இருக்க வேண்டும். ஆகவே கண்ணாடி என்பது ஏற்றத்துக்கான சாமான். வாங்கும்போதும் பூட்டும்போதும் இதை மறக்காதே, மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வரும்.

நாம் இடப்பக்கம் ஓடுகிறோம், முந்துகிறவன் வலப்பக்கத்தால் வருவான். வலப்பக்கத்துக்கு ஒன்று போதும். கடைக்காரர் சோடியாகத்தான் விற்பேன் என்றால் மற்றதை உடையும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது வலப்பக்கமும் பூட்டக்கூடியதா என்று பார். சிலவற்றின் தண்டை ஒரு பக்கத்துக்கென்றே வளைத்திருப்பார்கள். மாற்றிப் பூட்டினால் எவ்வளவு திருகினாலும் முகம் உன் பக்கம் வராது.

கண்ணாடி தட்டையா, புடைத்ததா என்பதுதான் முதல் கேள்வி. தட்டைக் கண்ணாடி தூரத்தை உள்ளபடி காட்டும், ஆனால் காட்டும் பரப்பு குறுகலானது. தலையைக் கொஞ்சம் அசைத்தால் ரோடு போய் வேலி தெரியும். புடைத்தது ரோட்டின் அகலம் முழுவதையும் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கும். சிறிதாகத் தெரிவதை மனம் தூரம் என்று எடுத்துக்கொள்ளும், ஆபத்து அங்கேதான். உனக்கு லேசாகப் புடைத்தது வேண்டும். கடையில் ஒரு அடிமட்டத்தைக் கண்ணாடியின் மேல் குறுக்கே வைத்துப் பார். நடுவில் தொட்டு இரண்டு ஓரத்திலும் மெல்லிய இடைவெளி விட்டால் சரி. அடிமட்டம் நடுவில் நின்று ஊஞ்சலாடினால் அது அளவுக்கு மிஞ்சிய புடைப்பு, லொறியைத் தீப்பெட்டியாக்கிவிடும். பிறகு கடை வாசலில் நின்று, பின்னால் பத்தடி தள்ளி நிற்கும் ஒருவரைக் கண்ணாடியில் பார், உடனே திரும்பி நேரில் பார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உன்னைத் திடுக்கிட வைத்தால் அந்தக் கண்ணாடி வேண்டாம். கடையின் யன்னல் கம்பியையோ கதவு நிலையையோ கண்ணாடியில் பிடித்து மெதுவாக ஆட்டிப்பார். நேர்கோடு பாம்பாக நெளிந்தால் பிளாஸ்டிக் மட்டமானது.

விட்டம் 7 முதல் 8 சென்டிமீட்டர் இருந்தால் போதும். ஐந்து சென்டிமீட்டர் பொட்டுக் கண்ணாடிகள் பார்க்க அழகு, மழையில் இரண்டு துளி விழுந்தால் காட்சியே இல்லை. மோட்டார் சைக்கிள் கண்ணாடியை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதே. பாரம் அதிகம், ஒவ்வொரு பள்ளத்திலும் தன் பாரத்தாலேயே சுழன்று கீழே பார்க்கும். உண்மைக் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று கேட்டால், நான் உண்மைக் கண்ணாடி என்பேன். பிளாஸ்டிக் விழுந்தால் உடையாது, ஆனால் மழைச் சேற்றைத் துணியால் துடைத்துத் துடைத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும். ஹெல்மெட்டில் ஒட்டும் குட்டிக் கண்ணாடியும் உண்டு. ஹேண்டில் ஆட்டம் அதைப் பாதிக்காது என்றாலும் பழகுவது கடினம், நம் மழைக்கு உதவாது.

கண்ணாடியின் முதுகில் ஒரு உருண்டை மூட்டு இருக்கும், அதை நன்றாகப் பார். அதை இறுக்க ஒரு திருகாணி இருக்க வேண்டும். திருகாணி இல்லாமல் பிளாஸ்டிக் உருண்டையைப் பிளாஸ்டிக் குழிக்குள் அழுத்திவிட்டிருந்தால் சில மாதத்தில் தளர்ந்துவிடும், பிறகு இறுக்க வழியே இல்லை. தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும். நீண்ட மெல்லிய தண்டு பெடலின் ஒவ்வொரு மிதிக்கும் நடுங்கும், பின்னால் வருவது பஸ்ஸா ஆட்டோவா என்று தெரியாது.

இனி ஹேண்டில். உன்னுடையது நேர் ஹேண்டில் என்றபடியால் இரண்டு வழி உண்டு. ஒன்று, ஹேண்டில் குழாயின் நுனிக்குள் செருகி இறுக்குவது. மற்றது, கிரிப்புக்கும் பிரேக் பிடிக்கும் இடையில் குழாயைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப். நுனியில் செருகுவது பார்க்கச் சுத்தம், ஆனால் மழைக்கோட்டுப் போட்டால் அதன் கை காற்றில் உப்பிக் கண்ணாடியை மறைக்கும். மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அந்தப் பக்கத்தில் மழைக்கோட்டு இல்லாத நாள் குறைவு. மேலும் சைக்கிள் சாய்ந்து விழுந்தால் முதலில் நிலத்தில் மோதுவது அந்த நுனிதான். கவ்வும் வகையையே வாங்கு. கண்ணாடி கையின் மேலே, கொஞ்சம் வெளியே நிற்கும்.

வாங்கப் போகும் முன் ஹேண்டிலை அளந்துகொள். ஒரு கடதாசிக் கீற்றைக் கிளாம்ப் வரவேண்டிய இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, சந்திக்கும் இடத்தில் பேனையால் கோடிட்டு, விரித்து அடிமட்டத்தில் வை. 70 மில்லிமீட்டர் வந்தால் குழாய் 22.2 மில்லிமீட்டர். நேர் ஹேண்டில்களின் பிடிப்பகுதிக்கு அதுதான் வழக்கமான அளவு. 75 வந்தால் 23.8, வளைந்த ரேஸ் ஹேண்டில். 80 அல்லது 100 வந்தால் நீ நடுவில் தடித்த இடத்தை அளந்திருக்கிறாய், நுனிப்பக்கம் போய் மறுபடி அள.

பூட்டுவதற்கு 4, 5 மில்லிமீட்டர் ஆலன் கீ (எல் வடிவத்தில் வளைந்த அறுகோணச் சாவி) இரண்டும், சில கிளாம்புகளுக்கு 10 மில்லிமீட்டர் ஸ்பேனரும் வேண்டும். முதலில் கிரிப், பிரேக் பிடி, பெல் எது எங்கே இருக்கிறது என்று பார். கிளாம்புக்கு ஒன்றரை விரல் அகலம் வேண்டும், இடம் போதாவிட்டால் பெல்லை இடப்பக்கம் மாற்று, பிரேக் பிடியைத் தொடாதே. கியர் மாற்றும் பிடி வலப்பக்கத்தில் இருக்கும், அதைத் தள்ளும்போது விரல் கிளாம்பில் இடிக்கிறதா என்று இறுக்குவதற்கு முன்பே பார்த்துவிடு. குழாயில் உள்ள எண்ணெயையும் சேற்றையும் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்துக் காயவிடு. பழைய டியூபில் வெட்டிய கீற்றை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி அதன் மேல் கிளாம்பைப் போடு. கிளாம்ப் பெரிதாக இருக்கிறது என்று ரப்பரை மூன்று நான்கு சுற்றுச் சுற்றுவார்கள், அது தவறு. தடித்த ரப்பரின் மேல் கண்ணாடி தலையாட்டிக்கொண்டே இருக்கும். இடைவெளி இருந்தால் குளிர்பான டின்னில் வெட்டிய தகட்டை உள்ளே வைத்து, அதன் மேல் ஒரு சுற்று ரப்பர் போதும். தகட்டு ஓரம் கையைக் கீறும், மடித்துவிடு.

ஆலன் கீயின் நீளக் கையைத் துளையில் விட்டு, குட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து இறுக்கு. அதற்கு மேல் பலம் போட்டால் கிளாம்ப் வெடிக்கும், அல்லது புரி வழுக்கிவிடும். கண்ணாடி அசையாமல், ஆனால் உள்ளங்கையால் பலமாகத் தள்ளினால் சுழலும் அளவுக்கு இறுக்கம் போதும். விழும்போது அது சுழன்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உடையும். கிளாம்பில் சாதாரண நட் இருந்தால் கழற்றிவிட்டு, உள்ளே நைலோன் வளையம் உள்ள நைலோன் நட் போடு. அது அதிர்வில் கழலாது.

சரிபார்ப்பதுதான் உண்மையான வேலை. சமதரையில் யாரையாவது சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி, வேலைக்குப் போகும் கோட்டையும் பையையும் போட்டுக்கொண்டு சீட்டில் உட்கார். நிமிர்ந்து உட்காராதே. ஏற்றத்தில் மிதிக்கும்போது எப்படி முன்னால் குனிவாயோ அப்படிக் குனிந்துகொண்டு சரிசெய். குனிந்தால் கண் கண்ணாடிக்குக் கிட்ட வரும், காட்சி வெளிப்பக்கமாக நகரும். நிமிர்ந்த நிலையில் சரிசெய்த கண்ணாடி ஏற்றத்தில் ரோட்டை விட்டுவிட்டுத் தேயிலைச் செடியைக் காட்டுவது இதனால்தான். குனிந்து சரிசெய்தால் இறக்கத்தில் உன் முழங்கை கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், பரவாயில்லை.

கண்ணாடியின் உள் ஓரத்தில் உன் கையோ தோளோ ஒரு விரல் அகலம் தெரியட்டும். அது தெரியாவிட்டால் எதைப் பார்க்கிறோம் என்ற கணக்கே இருக்காது. மேல் கீழாகப் பார்த்தால், ரோடு தூரத்தில் மறையும் இடம் கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே வர வேண்டும். ஒரே சரிவான ஏற்றத்தில் இது மாறாது, ஏனென்றால் சைக்கிளும் ரோடும் சேர்ந்தே சாய்கின்றன. சரிவு மாறும் இடத்தில் மட்டும் காட்சி ஏறி இறங்கும். பிறகு உதவிக்கு வந்தவரைப் பின்னால் 20 அடி எடுத்துவைத்து, ரோட்டு நடுக்கோட்டில் நிற்கச் சொல். அடுத்து 40. இரண்டு இடத்திலும் அவர் கண்ணாடியில் எவ்வளவு உயரம் தெரிகிறார் என்று மனதில் பதித்துக்கொள். இதை ஒரு அமைதியான தோட்டத்து ரோட்டில் செய், பெரிய ரோட்டில் வேண்டாம்.

வளைவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரோடு வலப்பக்கம் வளையும்போது பின்னால் வருபவன் உனக்குப் பின்னே வலப்பக்கமாக இருப்பான், கண்ணாடியில் நன்றாகத் தெரிவான். இடப்பக்கம் வளையும்போது அவன் பின்னே இடப்பக்கம், உன் முதுகு மறைக்கும், வலப்பக்கக் கண்ணாடி முழுக் குருடு. கொண்டை ஊசி வளைவில் இன்னும் மோசம். ஹேண்டிலை 10 பாகை திருப்பினால் காட்சி 20 பாகை விலகும், அது கண்ணாடியின் இயல்பு. அதனால் இட வளைவுக்குள் நுழைவதற்கு முன், ரோடு நேராக இருக்கும்போதே பார்த்துவிடு. உள்ளே போன பிறகு காதை நம்பு, கீழ் கியரில் ஏறும் லொறியின் சத்தம் நன்றாகவே கேட்கும். பள்ளத்தைத் தவிர்க்க விலகுவதற்கும், நிற்கும் பஸ்ஸைத் தாண்டுவதற்கும் கண்ணாடியோடு நிறுத்தாதே. கண்ணாடி வெறுமையாக இருந்தால், வலத் தோளுக்கு மேலால் ஒரு பார்வை, பிறகுதான் விலகல். உன் பக்கத்திலேயே வந்துவிட்ட ஆட்டோ கண்ணாடிக்குள் இருக்காது. வண்டி வருவது தெரிந்தால் ஓரத்து வடிகாலுக்குள் ஒதுங்க வேண்டியதில்லை. நேராக, ஒரே கோட்டில் போ. திடீரென்று ஆடாமல் போகிறவளை டிரைவர்மார் சுற்றிக்கொண்டு போவார்கள்.

பனிமூட்டத்தில் கண்ணாடி பெரிதாக உதவாது, பின்னால் சிவப்பு லைட்டை எரியவிடு. மழைத் துளி நிற்காமலிருக்க, காய்ந்த சவர்க்காரத்தை விரலில் தடவிக் கண்ணாடியில் பூசி, மங்கல் போகும்வரை மென்துணியால் தேய். தண்ணீர் துளியாக நிற்காமல் படலமாக வழியும், ஓரிரு மழை தாங்கும். உண்மைக் கண்ணாடி வாங்கினால் முதல் நாளே அதன் விளிம்பைச் சுற்றி நிறமில்லாத நகப்பூச்சைத் தடவு, இல்லாவிட்டால் ஈரம் உள்ளே போய் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வரும். திருகாணிகளின் தலையில் கொஞ்சம் வாசலின். பஞ்சர் ஒட்ட சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினால் பாரம் முழுவதும் சீட்டிலும் ஹேண்டிலிலும் இறங்கும், அதற்கு முன் கண்ணாடியை உள்பக்கம் சுழற்றிவிடு. கடைக்காரப் பையன்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள், நீதான் சொல்ல வேண்டும்.

கடதாசிக் கீற்றில் வந்த அளவையும், கிளாம்பில் இருக்கும் போல்ட் எந்தச் சாவிக்குப் பொருந்துகிறது என்பதையும் எழுது. நைலோன் நட்டும் ஆலன் கீ இரண்டும் இங்கிருந்து அனுப்பிவைக்கிறேன், அங்கே அலைய வேண்டாம்.

அன்புடன்,
அப்பா
பண்டாரவளை